பன்னிரண்டே காலுக்கு எழுதிய பெயர்

ரிசப்ஷனில் புதிதாக உட்காரப்போகும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் சின்ன முதலாளி கேட்டார். நாற்பது வருஷம் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவனிடம் நாலு வார்த்தைதான் கேட்பார்களா என்று முதலில் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அறை ஒதுக்குவது, ஆன்லைனில் புக் செய்தவரும் நேரில் வந்தவரும் ஒரே அறைக்கு மல்லுக்கட்டும்போது சமாளிப்பது, பால்கனியில் காயப்போட்ட துண்டைக் குரங்கு தூக்கிப்போனால் யார் பொறுப்பு என்பது எல்லாம் பத்து நாளில் உங்களுக்கே பழகிவிடும். அதற்கு நான் எதற்கு?

நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அந்தத் தப்பால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து என் பேனா முனையில் வந்து நின்றது. அதிலிருந்து என்னைக் கரையேற்றியவர்கள் மூன்று பேர். ஒருவர் பெரிய முதலாளி. மற்ற இருவரும் அக்கா தங்கை. அந்த நாளில் போய் நன்றி சொல்லியிருந்தால் முதலாளி சிரித்திருப்பார், அக்காவும் தங்கையும் அடித்திருப்பார்கள். அதனால் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், மதுரையிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "எங்க வீட்டுக்காரர் ரூம்ல இருக்காரா?" என்று கேட்டார். திரும்பிச் சாவி மாட்டும் பலகையைப் பார்த்தேன். சாவி இல்லை. "ரூம்லதான் இருக்காங்கம்மா" என்றேன். அந்த மனிதரோ சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறி, அந்த நேரம் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார். "அப்ப இங்க வந்து நிக்கிறது யாரு?" என்று அந்த அம்மா போனிலேயே கேட்டார். லாட்ஜே சிரித்தது. நானும் சிரித்தேன். பலகையில் சாவி இல்லை என்பது மட்டும்தான் நான் பார்த்தது. ஆள் அறையில் இருக்கிறார் என்பது நானாகச் சேர்த்தது. அது அன்றைக்கே உறைத்திருந்தால் இதற்குமேல் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

இனி அந்தத் தப்புக்கு வருகிறேன், அது எண்ணெயில் தொடங்கியது. குற்றாலத்துக்கு வருகிற யாரும் அறையைப் பார்க்க வருவதில்லை, அருவியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனி ஆடியில் சாரல் பிடித்துவிட்டால், வண்டியை விட்டு இறங்கும்போதே தலையில் நல்லெண்ணெய் வழிய நிற்பார்கள். அந்தக் கையோடு பேனாவைப் பிடித்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார்கள். யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க ஸ்டேஷனிலிருந்து வரும் ஏட்டையா ஒருநாள் கடுப்பாகி, "இது ரிஜிஸ்டரா, பஜ்ஜி கட்டுத பேப்பரா?" என்று நோட்டைத் தூக்கிப் போட்டார். முதலாளிக்கு மானம் போயிற்று. ஏட்டையா போன கையோடு என்னைப் பார்த்து, "ஏலே, இனிமே நோட்டுல ஒரு பொட்டு எண்ணெய் பட்டுச்சு, ஒன்னயப் பிழிஞ்சு எண்ணெய் எடுத்துருவேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. பெயரையும் நேரத்தையும் நான் எழுதிக்கொள்வேன். கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விடுவேன். "குளிச்சுட்டு, கையக் கழுவிட்டு வந்து போடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிடுவேன். கூட்டமாக வந்தால் ஒருத்தர் வந்து பெயர் சொல்லிச் சாவி வாங்குவார். யார் பெயரில் அறையோ, அவர் அருவியிலிருந்து திரும்பும்போது கையெழுத்துப் போடுவார். எங்கள் தெருவில் பாதி லாட்ஜ் அப்படித்தான் நடந்தது, குளிக்க வருகிறவர்களுக்கும் அது தெரியும். நோட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. ஏட்டையாவே பாராட்டினார்.

அது ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வாசல் வரைக்கும் கூட்டம். ஒரு ஆள் எண்ணெய்த் தலையோடு வந்து மூன்று பேருக்கு ஒரு அறை கேட்டு, ஒரு பெயரைச் சொன்னார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டே கால் என்று எழுதினேன். பெயருக்கு உரியவர் எங்கே என்று நான் கேட்கவில்லை. அருவிக்குப் போய்விட்டார் என்று அந்த ஆளே சொன்னதாக ஒரு ஞாபகம், அதுவும் நிச்சயமில்லை. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஈரத் தலையோடு ஒருவர் வந்து, "நம்ம பேர்ல ரூம் இருக்குல்லா, கையெழுத்துப் போடணும்னு சொன்னாங்க" என்றார். போட்டார். நல்ல உயரம், சிரித்த முகம். அவ்வளவுதான் அவருக்கும் எனக்கும் இருந்த பழக்கம்.

அன்று பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில், வீரகேரளம்புதூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து பம்புசெட் அறையில் அவருடைய அண்ணனை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததாம். தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பாதைக்கு வந்த பிறகுதான் ஒருவர் போய் எட்டிப் பார்த்திருக்கிறார்.

உங்களில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஆமாம், அந்த பம்புசெட் வழக்குதான். இன்றைக்கும் தென்காசி டீக்கடைகளில் பேச்சுக் கிளம்பினால் "தம்பிதாம்லே செஞ்சிருப்பான்" என்று ஒருவர் சொல்வார், "போலே, நீ போயிக் கண்டியாக்கும்" என்று இன்னொருவர் சொல்வார். பெயர்களை நான் எழுதப்போவதில்லை. பேரன் பேத்தி எடுத்து நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

அந்த அண்ணனும் தம்பியும் கூடப்பிறந்த அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே கொல்லை, தோட்டத்தில் இருவருக்கும் பங்குக் கிணறு. யார் முறைக்கு யார் மோட்டார் போட்டார்கள் என்பதில் சண்டை வந்து, இரண்டு வருஷமாக ஆண்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. பெண்கள் மட்டும் கொல்லைப்பக்கமாகக் குழம்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் செத்த அன்று அதுவும் நின்றது. தம்பியின் மோட்டார் சைக்கிளைத் தோட்டத்துப் பாதையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அதுவும் தூரத்திலிருந்து.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் லாட்ஜுக்கு வந்தார். ரிஜிஸ்டரை விரித்து அந்தப் பெயரின்மேல் விரலை வைத்து, "பன்னெண்டே காலுக்கு வந்தானா?" என்றார்.

"ஆமாங்கய்யா. நோட்டுல இருக்குல்லா" என்றேன்.

இதுதான் அந்தத் தப்பு. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. கையெழுத்தைப் பிறகுதான் வாங்குகிறோம் என்று வாயைத் திறந்தால் லாட்ஜுக்கு வம்பு, அது ஒன்று. இன்னொன்று, அந்தச் சுத்தமான நோட்டின்மேல் எனக்கு இருந்த பெருமை. நானே எழுதியதை நானே நம்பாமல் இருப்பேனா? இன்ஸ்பெக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒன் நோட்டு எங்க கேஸையே கெடுக்குது" என்று சொல்லி, நோட்டைக் கையோடு எடுத்துப் போனார்.

தம்பியைக் கைது செய்தார்கள். அவருடைய வக்கீல் என் பன்னிரண்டே காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தோட்டத்திலிருந்து குற்றாலத்துக்கு எப்படி விரட்டினாலும் முக்கால் மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மணிக்கு அண்ணனை உயிரோடு பார்த்தவர்கள் உண்டு. அப்படியானால் பன்னிரண்டே காலுக்குக் குற்றாலத்தில் நின்றவர் அந்தக் கொலையைச் செய்திருக்கவே முடியாது. கூட வந்த நண்பர்கள் சொல்வதைக் கோர்ட்டு நம்பாமல் போகலாம், லாட்ஜ்காரன் யாருக்கும் சொந்தமில்லை, அவன் சொன்னால் நம்பும். என்னைத் தம்பியின் தரப்புச் சாட்சியாகப் போட்டார்கள்.

தங்கை ஒருநாள் லாட்ஜுக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அவர்கள் தோட்டத்து நாட்டுப்பழம் ஒரு தார், அதை மேசைமேல் வைத்துவிட்டு அழுதார்.

"எங்க குடும்பத்துக்கு நீங்கதான் அண்ணாச்சி சாமி. உள்ளத உள்ளபடி சொன்னிய. அக்கா எம் முகத்தப் பாக்க மாட்டேங்கா. ஒங்க வார்த்தையக் கோர்ட்டு எடுத்துக்கிட்டா அவளும் நம்பிருவா."

பழத்தை வாங்கிக்கொண்டேன். தின்னவும் செய்தேன். நல்ல ருசி, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வழக்கு விசாரணைக்கு வருமுன் அடுத்த சீசனே வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எண்ணெய் தேய்த்த தலையோடு நடுவயது அம்மா ஒருவர் வந்து இரண்டு பேருக்கு அறை கேட்டார். "எங்க மயினி பேர்ல போடுங்க" என்று ஒரு பெயரைச் சொன்னார். எழுதினேன். மணி பத்து ஐந்து. குளித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்று சாவியைக் கொடுத்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு ஈரத் தலையோடு ஒரு பெண் வந்தார். வெறும் நெற்றி. "எம் பேர்ல ரூம் இருக்குல்லா" என்றார். நோட்டைத் திருப்பி வைத்தேன். நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, நான் எத்தன மணிக்கு வந்தேன்?"

நோட்டைப் பார்த்தேன். "பத்து அஞ்சுக்கும்மா."

"நீங்க பாத்தியளா?"

"நோட்டுல இருக்கேம்மா."

"நோட்ட விடுங்க. பத்து அஞ்சுக்கு நான் எங்க ஊர்ல பஸ்ஸுக்கு நிக்கேன். இப்பத்தான் இங்கன வந்து எறங்குதேன். அருவிப் பக்கமே போகல. தலையில இருக்கது அந்தா, ஒங்க வாசக் குழாய்த் தண்ணி."

வாசலில் கால் கழுவுவதற்காகப் போட்ட குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் புதுசாக ஈரம்.

"அந்த பம்புசெட்ல கெடந்தது எம் புருசன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "என் கொழுந்தன் செஞ்சாரா, செய்யலியான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரியாமத்தான் ஒரு வருசமாக் கெடந்து சாவுதேன். ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

பேனாவை நோட்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அறைச் சாவியைக் கொஞ்ச நேரத்தில் அந்த நடுவயது அம்மா கொண்டுவந்து கொடுத்தார். கட்டிலில் யாரும் உட்காரக்கூட இல்லை. நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய பத்து ஐந்து, பக்கத்தில் அவர் போட்ட கையெழுத்து. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, பார்க்க அவ்வளவு சுத்தம். அதில் ஒரு எழுத்தும் உண்மையில்லை.

அந்த அக்காவை அன்றைக்கு மனதுக்குள் வைதேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி எங்கள் வாசலில் வந்து கத்தியிருக்கலாம், சாபம் விட்டிருக்கலாம், ஆள் வைத்து மிரட்டியிருக்கலாம். அவர் எதையும் செய்யவில்லை. நான் செய்கிற வேலையை எனக்கே திருப்பிச் செய்து காட்டிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அப்படி ஒரு மரியாதையை இந்த மேசையில் அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை.

முதலாளியிடம் போனேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மிதவையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கோர்ட்டில் கையெழுத்து விஷயத்தைச் சொல்லிவிடப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"ஏலே, லைசென்ஸ் போயிரும்லே" என்றார் முதலில். பிறகு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நோட்டுல எண்ணெய் படப்படாதுன்னு சொன்னது யாருலே?"

"நீங்கதான்."

"அப்பம் ஒன்னய மட்டும் கூண்டுல ஏத்திட்டு நான் கல்லாவுல உக்காந்திருக்க முடியுமா? நடந்தத நடந்தபடி சொல்லு. லாட்ஜு போனா ரெண்டுபேருமா அருவிக்கரையில சுண்டல் விப்போம்."

எனக்குத் தைரியம் வந்தது. தைரியத்தோடு கூடவே இன்னொரு தப்பும் கிளம்பி வந்தது. அந்த அக்காவின் முகம் கண்ணைவிட்டு அகலவில்லை. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தது. "அவரு சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வந்தாருன்னு சொல்லிரட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

"வந்ததப் பாத்தியா?"

"கையெழுத்துப் போட்டதப் பாத்தேன்."

"அப்பம் அத மட்டும் சொல்லு. ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கத நிமித்தப் போயி மறுபக்கம் சாச்சுறாதலே" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் மிதவையை ஆட்டப் போய்விட்டார்.

தென்காசி கோர்ட்டில் கூட்டம் நெருக்கியடித்தது. ஒரு பெஞ்சின் அந்த முனையில் அக்கா, வாசலை ஒட்டி நின்றபடி தங்கை. நடுவில் இருந்த பத்தடியில் யாரும் உட்காரவில்லை. கடைசி வரிசையில் எங்கள் முதலாளி, எனக்கும் சேர்த்துத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்து மடியில் வைத்திருந்தார். தம்பியின் வக்கீல் சிரித்த முகமாக எழுந்தார்.

"பன்னிரண்டே கால் மணிக்கு என் கட்சிக்காரர் உங்க லாட்ஜுக்கு வந்தார், இல்லையா?"

"பன்னெண்டே காலுக்கு அவரு பேர எழுதினேங்கய்யா. அவரப் பாக்கல."

சிரிப்பு நின்றுவிட்டது. போலீஸிடம் வேறு மாதிரி சொன்னீரே என்று கேட்டார். நோட்டில் இருந்ததைச் சொன்னேன், பார்த்ததைச் சொல்லவில்லை என்றேன். எண்ணெய்க் கை விஷயத்தையும் சொன்னேன். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கொலை வழக்கில் சாட்சி சொல்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதா என்று என்னைக் கடுமையாகக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். வாங்க வேண்டிய திட்டுதான்.

அரசு வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். எழுந்து வந்து, "அப்போ பன்னிரண்டே காலுக்கு அவர் அங்கே இல்லை" என்றார்.

"அதுவும் எனக்குத் தெரியாதுங்கய்யா."

"அஞ்சு மணிக்குத்தானே முதல்ல பாத்தீங்க?"

"ஆமா. ஈரத் தலையோட வந்து கையெழுத்துப் போட்டாரு. அதுக்கு முந்தி எப்ப வந்தாரு, எங்கன இருந்தாருன்னு எனக்குத் தெரியாது."

"நாலரை மணிக்கு வந்திருக்கலாம் இல்லையா?"

"வந்திருக்கலாம். பன்னெண்டு மணிக்கே வந்தும் இருக்கலாம். எனக்குத் தெரியாதுங்கய்யா."

இப்படியே அரை மணி நேரம் இரண்டு பக்கமும் குதறினார்கள். ஒரு கட்டத்தில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் போதும், விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. பிள்ளைகளே, மிரட்டல்கூடப் பெரிதில்லை. 'தெரியாது' என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, நம்மையே முட்டாளாக நினைக்கத் தோன்றும் பாருங்கள், அதுதான் பெரிய நெருக்கடி. நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். முதலாளி சாதப் பொட்டலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் தங்கை என்னை மறித்தார். "வாழைத்தாரு கொண்டாந்து தந்தேனே அண்ணாச்சி. தின்னுட்டு எங்க குடியக் கெடுத்துட்டியளே. நீங்க நல்லாயிருப்பியளா?" என்றார். அக்கா என்னைத் தாண்டிப் போனார். ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

தீர்ப்பு வந்தது. தூரத்திலிருந்து மோட்டார் சைக்கிளைப் பார்த்தவருக்கு வண்டிதான் அடையாளம் தெரிந்தது, ஓட்டியவர் முகம் தெரியவில்லை. வேறு சாட்சியும் இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத் தம்பியை விட்டுவிட்டார்கள். அண்ணன் பக்கத்து ஆட்கள், லாட்ஜ்காரன் வாழைத்தாருக்கு விலைபோய்விட்டான் என்றார்கள். தம்பி பக்கத்து ஆட்கள், அவன் அக்காவிடம் வாங்கிக்கொண்டான் என்றார்கள். ரிஜிஸ்டரை ஒழுங்காக வைக்கவில்லை என்று எங்கள் லாட்ஜை இரண்டு மாதம் பூட்டினார்கள். அந்த வருஷம் பார்த்து ஐந்தருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நானும் முதலாளியும் பூட்டிய வாசலில் உட்கார்ந்து, போகிற கூட்டத்தை வேடிக்கை பார்த்தோம். என்மேல் அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. ஒரே ஒருநாள் மட்டும், "லே, அருவிக்கு வாரவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சுவிடவாது படிச்சிருக்கலாம்லே ரெண்டுபேரும்" என்றார்.

திறந்த அன்று ஒரு பழைய வேட்டியை நாலாகக் கிழித்து மேசைமேல் வைத்தார். "கையத் தொடச்சுட்டுக் கையெழுத்துப் போடட்டும். அதுக்கப்புறம் சாவி. கறை பட்டா படட்டும்" என்றார். இன்றைக்கு உங்கள் மேசையில் ஒரு துணி கிடக்கிறதே, கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்த பிறகும் அதை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சின்ன முதலாளியிடம் கேட்டீர்களாமே. காரணம் இதுதான். பெரிய முதலாளி இப்போது இல்லை. அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தயிர்சாதப் பொட்டலம்தான் ஞாபகம் வரும்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின சீசன். ஒரு காலை நேரம், நரைத்த தலையில் எண்ணெய் வைத்த ஓர் அம்மா மேசை முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, என்னயத் தெரியுதா? வாழைத்தாரு."

எழுந்து நின்றுவிட்டேன். தங்கைதான். இன்னும் வைவதற்கு மிச்சம் வைத்திருக்கிறாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"அவரு போயி ரெண்டு வருசமாச்சு. கடைசி வரைக்கும் கேட்டேன். நான் குத்தாலத்துலதான் இருந்தேன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது. நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல. அப்பிடியே போயிச் சேந்துட்டாரு."

தலையை ஆட்டினேன்.

"கேஸு முடிஞ்சு பதினஞ்சு வருசம் அக்கா எங்கூடப் பேசல. எம் புருசன் செய்யலன்னு அவ வாசல்ல போயி சத்தியம் பண்ணுவேன். கதவச் சாத்திருவா. ஒருநா அவளுக்குக் காச்சல்னு கேள்விப்பட்டுக் கஞ்சி கொண்டுபோனேன். வழக்கம்போல சத்தியம் பண்ணத்தான் வாயத் தொறந்தேன். என்னமோ நீங்க கூண்டுல நின்ன நெனப்பு வந்துட்டு. ரெண்டு வக்கீலும் கொதறுதாங்க, நீங்க தெரியாது தெரியாதுன்னே நிக்கிய. அன்னைக்கு ஒங்கள என்ன வார்த்தையெல்லாம் வஞ்சேன்! 'எனக்கும் தெரியாதுக்கா'ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன் அண்ணாச்சி. அக்கா கஞ்சிய வாங்கிக்கிட்டா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு இருக்க வரைக்கும் எங்க வீட்டுப் படி அவ ஏறல. நான்தான் அங்கன போவேன். இப்பம் ரெண்டுபேரும் ஒரே அடுப்புதான்."

அந்த நிமிஷத்தில் எனக்குக் கண் கலங்கியதை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கொலையை யார் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. டீக்கடையில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள். தெரியும் என்று அடித்துச் சொன்ன அத்தனை பேரும் அந்த இரண்டு வீட்டையும் பிரித்துத்தான் வைத்தார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தையை இந்த அம்மா பதினைந்து வருஷம் கழித்து எடுத்துக் கொண்டுபோய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். இந்த வேலையில் நான் வாங்கிய பெரிய கூலி அதுதான். அவர் அதை வந்து சொல்லாமலே இருந்திருக்கலாம். வந்து சொன்னாரே, அதற்கு நான் எங்கே போய் நன்றி சொல்வது?

வெளியே வேனிலிருந்து இன்னொருவர் இறங்கி மெதுவாக உள்ளே வந்தார். வெறும் நெற்றி, முழுக்க வெளுத்த தலை, அதில் எண்ணெய் பளபளத்தது. இருபத்தைந்து வருஷம் போனாலும் அந்த நிதானத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது.

"ரெண்டுபேருக்கு ஒரு ரூம் வேணும் அண்ணாச்சி" என்றார் அக்கா.

கம்ப்யூட்டர் வந்திருந்தாலும் கையெழுத்துக்கு ரிஜிஸ்டர் இருந்தது. அதை விரித்து வைத்து, பக்கத்தில் துணியையும் வைத்தேன். அக்கா துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "இன்னைக்கு நெசமாவே எண்ணெய்தான். கொழாத் தண்ணி இல்ல" என்றார். தங்கைக்கு அது என்ன பேச்சு என்று விளங்கவில்லை. இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் பெயருக்கு அடியில் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள்.

நேரம் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தேன். அந்தக் கட்டத்தின்மேல் அக்கா விரலை வைத்து மறைத்துக்கொண்டார்.

"எங்க ரெண்டுபேரையும் பாத்தியளா?"

"பாத்தேன் ஆச்சி."

"அப்பம் எழுதுங்க."

விரலை எடுத்தார். பத்து நாற்பது என்று எழுதினேன். அந்த இடத்தில் பேனா வழுக்கியது. துடைத்த பிறகும் அவர் விரலில் எண்ணெய் இருந்திருக்கிறது.